மரம் கட்டிக்கொடுக்கும் மாளிகை: ஹிக்கரி இலையும் கழலை ஈயும்

கைக்குழந்தை உள்ள வீட்டில் மாசிக்காய் இல்லாத மருந்துப் பெட்டியைக் காண்பது அரிதாயிருந்த காலம் ஒன்று உண்டு. பாட்டிமார் அதனைக் கல்லில் இழைத்துப் பேரக்குழந்தையின் நாவில் தடவுவர். பெயரிலே காய் இருக்கின்றது. உருவமும் காயைப்போலவே உருண்டு திரண்டிருக்கின்றது. ஆயினும் மாசிக்காய் எந்த மரத்திற்கும் காய் அன்று. அது பூவிலிருந்து பிறப்பதில்லை. அதனுள்ளே விதையும் இல்லை. மேற்காசியாவில் வளரும் ஓக் மரமொன்றின் இளங்கிளையிலே சிறு குளவி முட்டையிட, அதிலிருந்து வெளிவந்த புழுவைச் சுற்றி மரமே வளர்த்துவிட்ட வீக்கந்தான் நாம் மாசிக்காய் என்று வாங்குவது.

இவ்வாறு ஒரு பூச்சியின் பொருட்டுத் தாவரத்தில் உண்டாகும் வீக்கத்தை இக்கட்டுரையிற் கழலை என்று வழங்குவோம். இதனைக் காண மேற்காசியாவுக்குச் செல்லவேண்டுவதில்லை. தோரணம் கட்ட மாவிலை பறிக்கும்போது, சில இலைகளில் அம்மைக்கொப்புளம் போன்ற சிறு புடைப்புகள் நிறைந்திருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். பழுதான இலை என்று அதனை ஒதுக்கிவிட்டு வேறோர் இலையைப் பறித்திருப்போம். அப்புடைப்புகளுட் பல, கழலை ஈ என்னும் மிகச்சிறிய ஈயின் பிள்ளை வளரும் தொட்டில்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த ஈக்குடும்பத்தின் கைத்திறனை முழுதும் காண விரும்புவோர் வட அமெரிக்கக் காடுகளிலே நிற்கும் ஹிக்கரி மரத்தின் கீழ்ச் செல்லவேண்டும். வாசகர்களை இன்று அங்கே அழைத்துச் செல்வோம்.

கோடரிக்குக் காம்பு கொடுத்த மரம்

ஹிக்கரி, அக்ரூட் மரத்தின் நெருங்கிய உறவு. இதில் ஏறக்குறைய 18 இனங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்கு உரியவை. சில சீனாவிலும் அதனையடுத்த நாடுகளிலும் வளர்கின்றன. இதன் கொட்டையை இடித்து நீரிற் கலக்கிப் பால்போன்ற பானமொன்றை வேர்ஜீனியாப் பகுதியின் ஆதிக்குடிகள் செய்துவந்தனர். அப்பானத்திற்கு அவர்கள் இட்ட பெயரே சிதைந்து ஹிக்கரி என்று மரத்துக்குப் பெயராயிற்று. இன்று பலகாரங்களிற் சேர்க்கப்படும் பீக்கன் கொட்டையும் இவ்வினத்து மரமொன்றின் கொட்டையே.

இம்மரத்தின் வைரமும் நெகிழ்வும் பேர்போனவை. கோடரிக்கும் சம்மட்டிக்கும் காம்பு செய்யவும், வண்டிச் சில்லுக்கு ஆரம் செய்யவும் அமெரிக்கர் இதனையே நாடினர. 1829 முதல் 1837 வரை ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாயிருந்த அன்ட்ரூ ஜாக்சனுக்கு, அவர் படைத்தலைவராயிருந்த நாளில் போர்வீரர் இட்ட பட்டப்பெயர் ‘கிழட்டு ஹிக்கரி’ என்பதாகும். வளைந்து கொடுக்காதவர் என்பது கருத்து.

இத்தகைய மரம், இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமேயுள்ள ஓர் ஈக்கு வளைந்து கொடுக்கின்றது. அது கேட்ட வடிவில், கேட்ட இடத்தில், கேட்ட பருவத்தில் வீடு கட்டிக்கொடுக்கின்றது. அதற்கு வாடகையும் வாங்குவதில்லை. வீட்டுக்குள்ளே உணவையும் வைத்துக் கொடுக்கின்றது.

இரண்டொரு நாள் வாழ்வு

கழலை ஈயை ஈ என்பதிலும் கொசு என்றால் வடிவம் விளங்கும். மெலிந்த கால்கள், மணிகோத்தாற்போன்ற நீண்ட உணர்கொம்புகள், நரம்புகள் மிகச் சிலவேயுள்ள மெல்லிய இறக்கைகள். ஆனால் அது எவரையும் கடிப்பதில்லை. நிறைபருவம் அடைந்தபின் அதன் ஆயுள் பெரும்பாலும் இரண்டொரு நாளோடு முடிந்துவிடும். அதற்குள் துணை தேடவேண்டும், ஏற்ற மரத்தைக் கண்டடையவேண்டும், முட்டையிடவேண்டும்.

ஏற்ற மரத்தைக் கண்டால் மட்டும் போதாது. முற்றிய இலை அதன் சொற்படி கேளாது. வளர்ச்சி முடியாத இளந்தளிரே அதற்கு வேண்டும். ஆகவே இளவேனிலில் ஹிக்கரியின் மொட்டு அவிழ்ந்து தளிர் விரியும் அந்தச் சில நாட்களிலேயே ஈயும் நிலத்திலிருந்து வெளிவந்தாக வேண்டும். முந்தினால் தளிர் இல்லை. பிந்தினால் தளிர் முற்றிவிடும். கடிகாரம் இல்லாத ஈயும் நாட்காட்டி இல்லாத மரமும் ஆண்டுதோறும் இந்த முகூர்த்தத்தைத் தவறவிடாமற் சந்திக்கின்றன.

முட்டையிலிருந்து வரும் புழு, தளிரின்மேல் ஓரிடத்தில் அமர்கின்றது. பெரும்பாலும் அவ்விடம் இலையின் அடிப்புறமாகும். புழு அமர்ந்த இடத்தைச் சுற்றி இலையின் உயிரணுக்கள் தம் இயல்பான ஒழுங்கை விட்டு வேறொரு ஒழுங்கில் பெருகத் தொடங்குகின்றன. புழுவைச் சுற்றிச் சுவர் எழுகின்றது, கூரை மூடுகின்றது. உள்ளே ஓர் அறை. அறையில் ஒரே ஒரு புழு. வெளிச்சுவர் தடித்து வன்மையாகும். உட்புறம் புழுவுக்கு உணவாக இருக்கும்.

இலையுதிர்காலத்தில் இக்கழலை இலையோடு சேர்ந்தோ தனியே கழன்றோ நிலத்தில் விழுகின்றது. பனி மூடிய குளிர்காலம் முழுவதும் புழு அந்தச் சிற்றறைக்குள்ளே, சருகுகளின் நடுவே கிடக்கும். அடுத்த இளவேனிலில் கூட்டுப்புழுவாகி, பின் ஈயாகி வெளியேறும். ஓராண்டில் ஏறக்குறைய முழுக்காலத்தையும் அறைக்குள்ளே கழித்துவிட்டு, வெளியுலகை இரண்டொரு நாள் மட்டும் கண்டு மறையும் வாழ்க்கை இது.

ஒரே இலை, பல வீடுகள்

ஹிக்கரி இலைகளிற் கழலை செய்யும் ஈக்களுள் மிகுதியானவை கரியோமையா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்து ஈக்கள் ஹிக்கரியன்றி வேறெந்த மரத்திலும் வாழ்வதில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அறியப்பட்டுள்ளன.

அவை ஒவ்வொன்றும் கட்டுவிக்கும் வீடு ஒவ்வொரு விதம். ஒன்று கூம்புபோல் நுனி கூர்ந்திருக்கும். ஒன்று சின்னஞ்சிறு வெங்காயத்தைப் போல உருண்டு, முனையில் நீண்ட மூக்குடன் இருக்கும். ஒன்று பீச்சுப் பழத்தின் தோலைப்போல மெல்லிய பூமயிர் போர்த்த உருண்டை. இன்னொன்று உருளைக் குழாய். குழாயின் அடி ஒரு சிறு கிண்ணத்திற் பதிந்து நிற்கும்.

இதில் மாணவர்கள் உற்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வீடுகளுட் பலவகை, ஒரே இலையில், ஒன்றையொன்று ஒட்டினாற்போலவும் காணப்படும். இலை ஒன்று, சாறு ஒன்று, வெயிலும் மழையும் ஒன்று. எனினும் இங்கே கூம்பு, அதன் அருகே குழாய். வடிவத்தைத் தீர்மானிப்பது இலையாயின் எல்லாம் ஒரே வடிவமாய் அல்லவா இருத்தல் வேண்டும்? ஆகவே செங்கல்லும் சாந்தும் கூலியும் மரத்தினுடையவை. வரைபடம் மட்டும் ஈயினுடையது என்பது தெளிவாகின்றது.

ஹிக்கரியில் வேறொரு பூச்சியும் கழலை செய்வதுண்டு. அது பிலொக்சிரா என்னும், அசுவுணிக்கு உறவான சாறுறிஞ்சி. அது செய்யும் கழலைகளுட் சில இலைக்காம்பிலும் இளந்தண்டிலும் தோன்றும். அக்கழலையை வெட்டினால் உள்ளே தாயும் முட்டையும் குஞ்சுகளுமாக ஒரு பெருங்குடும்பம் இருக்கும். ஈயின் கழலையிலோ தனித்த புழு ஒன்றே இருக்கும். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

மரம் பெற்ற பிள்ளையா?

வெளியே துளையில்லாத கழலைக்குள் புழு எவ்வாறு புகுந்தது என்னும் வினா அறிஞர்களை நெடுங்காலம் மயக்கியது. 1668இல் இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானாகப் பிறப்பதில்லை என்று பரிசோதனையால் நிறுவினார். ஈ மொய்க்காதவாறு பாத்திரத்தை மூடிவைத்தபோது இறைச்சியிற் புழு தோன்றவில்லை. உயிர் உயிரிலிருந்தே வரும் என்று உலகுக்குக் காட்டிய அதே ரெடி, கழலைப் புழுவைக் கண்டபோது தடுமாறினார். மரத்துக்குள்ள உயிராற்றலே இப்புழுவைப் பிறப்பிக்கின்றது என்று அவர் கருதினார். கற்றோரும் ஓரிடத்திற் கண்ட உண்மையை அடுத்த இடத்திற் பொருத்தத் தவறுவதுண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

அவர் நாட்டவரான மார்செல்லோ மல்பீகி வேறு வழியிற் சென்றார். நூல்களைப் பார்ப்பதிலும் மொட்டுகளைப் பார்ப்பதில் அவர் பொழுது போயிற்று. ஓக் மொட்டின்மேல் ஒரு பூச்சி அமர்ந்து முட்டையிடுவதைத் தம் கண்ணாற் கண்டார். லண்டன் றோயல் சங்கத்தார் 1679இல் வெளியிட்ட அவருடைய தாவர உடலமைப்பு நூலின் இரண்டாம் பாகத்தில், கழலைகள் பூச்சிகளின் முட்டையிலிருந்து உண்டாகின்றன என்பதை விளக்கப் படங்களுடன் எழுதினார். தாய்ப்பூச்சி செலுத்தும் ஒரு நீரே வீக்கத்துக்குக் காரணம் என்பது அவர் கொண்ட முடிபு.

கழலை ஈக்களைப் பொறுத்தவரை, வீட்டுவேலையை நடத்துவது பெரிதும் தாயன்று, புழுவின் உமிழ்நீரே. கழலை ஈயின் புழுவுக்கு இலையை மென்று தின்னத்தக்க வலிய வாயுறுப்புகள் இல்லை. அது தாவரத்தின் மேல் உமிழ்நீரைச் செலுத்தி, கசியும் சாற்றை உறிஞ்சுகின்றது. அந்த உமிழ்நீரில் உள்ள பொருள்களே உயிரணுக்களின் போக்கை மாற்றுகின்றன. கழலை ஈக்குடும்பத்தைச் சேர்ந்த கோதுமைப் பகையாகிய ஹெசியன் ஈயின் மரபணுத் தொகுதியை 2015இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதன் ஏறக்குறைய 20,000 மரபணுக்களுள் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவை, தாவரத்தை ஏய்த்து ஆட்டிவைக்கும் புரதங்களை ஆக்குவனவாகத் தோன்றின. ஈயின் உடல் சிறிது. அது மரத்தோடு பேசக் கற்ற சொற்களோ ஆயிரத்தை எட்டுகின்றன.

வீட்டுக்குள்ளும் பகைவர்

இத்துணைக் காவல் இருந்தும் புழு அச்சமின்றி வாழ்கின்றது என்று எண்ணுதல் வேண்டா. கண்ணுக்குப் புலனாவதே அரிதான ஒட்டுண்ணிக் குளவிகள் அதனைத் தேடி வருகின்றன. சில வகைக் குளவிகள், கழலை உருவாகுமுன்னரே ஈயின் முட்டையிலோ இளம்புழுவிலோ தம் முட்டையை வைத்துவிடும். வேறு சில, வளர்ந்த கழலையின் சுவரையே நீண்ட முட்டையிடுகருவியாற் குத்தி, உள்ளிருக்கும் புழுவின்மேல் முட்டையிடும். இளவேனிலில் கழலையிலிருந்து ஈ வெளிவரும் என்று காத்திருப்பவர், அதற்குப் பதிலாகக் குளவி வெளிவரக் கண்டு ஏமாறுவது வழக்கம்.

இதன் பயன் மரத்துக்கே சேருகின்றது. ஈ அளவிறந்து பெருகாமல் இக்குளவிகள் தடுக்கின்றன. அதனால் இலைக்கழலைகள் மலிந்திருப்பினும், நலமுள்ள ஹிக்கரி மரத்துக்கு அவற்றாற் பெருங்கேடு நேர்வதில்லை. முற்றத்து மரத்தின் இலையெல்லாம் பருக்களாய் இருப்பதைக் கண்டு அஞ்சி நஞ்சு தெளிப்போர் இரண்டு பிழை செய்கின்றனர். கழலை கண்ணுக்குத் தெரியும்போது புழு சுவருக்குள்ளே பத்திரமாய் இருக்கின்றது. நஞ்சு அதனை எட்டாது. வெளியே திரியும் குளவியையோ அந்நஞ்சு எளிதிற் கொல்லும். பகைவனை விட்டுவிட்டுக் காவற்காரனைக் கொன்ற கதையாய் முடியும்.

பெயர் இட்டவர்கள்

1856இல் ருஷ்ய அரசின் தூதரகச் செயலாளராக வொஷிங்டனுக்கு வந்தார் பரன் ஒஸ்ரன் சாக்கன் என்பவர். பின்னர் நியூயோர்க்கில் ருஷ்யாவின் கொன்சல் ஜெனரலாக இருந்தார். அவர் உள்ளம் ஈக்களிலே தோய்ந்திருந்தது. ஹிக்கரிக் கழலைகளுட் பலவற்றை முதன்முதலில் விவரித்து, 1862இல் வெளியிட்டவர் அவரே. கழலையிலிருந்து ஈயை வளர்த்தெடுப்பது அரிதாயிருந்தமையின், ஈயையே காணாது வீட்டின் வடிவை மட்டும் கொண்டு பெயரிடுவது அக்காலத்தில் நிகழ்ந்தது. 1909இல் நியூயோர்க் மாநிலப் பூச்சியியலாளராகிய பெல்ற் என்பவர் கரியோமையா என்னும் பேரினப் பெயரை ஆக்கினார்.

வீடு தெரியும், வீட்டுக்காரன் தெரியாது என்னும் நிலையை மாற்ற ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. வொஷிங்டனில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த றேமண்ட் கன்யே, எந்தக் கழலைக்குள் எந்தப் புழு, அப்புழு எந்த ஈ ஆகின்றது என்று ஒவ்வொன்றாக இணைத்தறிந்து, ஹிக்கரியின் கழலை ஈக்களைப் பற்றித் தனி நூலொன்றை 2008இல் வெளியிட்டார். உதிர்ந்த கழலைகளைப் பொறுக்கி ஈரமண்மேல் வைத்து, குளிர்காலம் முழுவதும் காத்திருந்து, இளவேனிலில் என்ன வெளிவருகின்றது என்று பார்க்கும் பொறுமையே இவ்வாராய்ச்சியின் முதல்.

உலகெங்கும் இதுவரை பெயர் பெற்ற கழலை ஈக்குடும்பத்து இனங்கள் 6,000க்குச் சற்று மேற்பட்டவை. ஆனால் கனடாவில் மட்டுமே 16,000 இனங்கள் இருக்கக்கூடும் என்று, மரபணுக் குறியீட்டு முறையால் நடத்திய ஆய்வொன்று 2016இல் மதிப்பிட்டது. நாம் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவை சில. நம் தலைக்கு மேலே பறந்து மறைபவை பல.

மரத்தோடு போகும் உயிர்கள்

ஒரே மரத்தை நம்பி வாழும் உயிருக்கு அம்மரத்தின் விதியே தன் விதி. 1904இல் நியூயோர்க்கிற் கண்டறியப்பட்ட பூஞ்சண நோயொன்று அமெரிக்கச் செஸ்நட் மரங்களைத் தாக்கியது. அரை நூற்றாண்டுக்குள் முந்நூறு கோடிக்கு மேற்பட்ட மரங்கள் மடிந்தன. அம்மரத்தை மட்டும் உண்டு வாழ்ந்த விட்டிற்பூச்சிகளுட் சில அதனோடு அற்றொழிந்தன என்று கருதப்படுகின்றது. 2002இல் மிச்சிகன் மாநிலத்திற் கண்டறியப்பட்ட ஆசிய வண்டொன்று, ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துள்ளது. ஆஷ் இலையின் நடுநரம்பிலே கழலை செய்யும் ஈயும் ஒன்று உண்டு. மரத்துக்காக வருந்துவோர் பலர். அந்த ஈக்காக வருந்துவோர் யார்? ஹிக்கரிக்கு அத்தகைய கதி நேருமாயின், முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடக்கலைகள் ஒருசேர மறைந்துபோகும்.

ஈயினால் நமக்கென்ன என்று கேட்போருக்கும் ஒரு விடை உண்டு. நெல்வயலில் ஆனைக்கொம்பன் என்று தமிழ்நாட்டு உழவர் அழைக்கும் பகை, இதே குடும்பத்து ஈயின் வேலை. புழு நெற்பயிரின் குருத்தை அடைந்ததும், அக்குருத்து வெண்மையான நீண்ட குழலாக மாறிவிடுகின்றது. அந்தக் குருத்திலிருந்து கதிர் வராது. இலங்கை வயல்களும் இப்பகையை அறியும். ஹிக்கரி இலையில் அழகிய வீடாய் அமைவதே, நெல்லில் உழவன் வீட்டு உலைக்குக் கேடாய் முடிகின்றது. இவ்வீக்கு இடங்கொடாத நெல்வகைகளை விவசாய அறிஞர் உருவாக்கியுள்ளனர். ஆயினும் ஈயும் தன்னை மாற்றிக்கொண்டு, அவ்வகைகளுட் சிலவற்றை மீண்டும் வென்றிருக்கின்றது. புழு பயிரிடம் என்ன சொல்கின்றது, பயிர் ஏன் அதற்கு இணங்குகின்றது என்பதை முற்ற அறிந்தவனே இப்போரில் நிலைத்து வெல்வான். அவ்வறிவுக்கு வழி காட்டுவது, பயனற்றதென்று தோன்றும் ஒரு காட்டு மரத்தின் இலையாகவும் இருக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு சொல். அடுத்த முறை மாவிலையிற் பருக்களைக் கண்டால் இலையை வீசிவிடாதீர்கள். பெரியவர்களின் துணையோடு ஒரு புடைப்பைச் சவர அலகால் மெல்லப் பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பாருங்கள். உள்ளே ஒரு சிறு புழு சுருண்டு கிடக்கலாம். வெறும் அறையாயிருந்தால், குடியிருந்தவர் வெளியேறிய துளை எங்கே என்று தேடுங்கள். பருக்கள் உள்ள இலைகள் சிலவற்றைக் காம்போடு நீரில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, நாள்தோறும் கவனித்து ஏட்டிற் குறித்து வாருங்கள். வருவது ஈயாகவும் இருக்கலாம்; ஈயைக் கொன்ற குளவியாகவும் இருக்கலாம். எதுவாயினும், மல்பீகி ஓக் மொட்டின் அருகே நின்று செய்ததையே நீங்களும் செய்தவர்கள் ஆவீர்கள். தோரணத்துக்கு ஆகாத இலை, பாடத்துக்கு ஆகும்.